எலியும் களஞ்சியத் தலைவரும்

முதலில் ஒரு விடுகதை. ஒரு கிடங்கில் இருவர் இருந்தார்கள். ஒருவருக்கு நான்கு கால், இன்னொருவருக்கு இரண்டு கால். யார் அதிகம் தின்றார்? விடையை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன் துவரங்காட்டு நாட்டை நெடுமுடியரசன் ஆண்டுவந்தான். சந்தைப் பேரத்தின் இரைச்சல் அவனது பகல் தூக்கத்தைக் கெடுத்தது. உடனே சட்டம் போட்டான்: துவரை வாங்கி விற்பவர்கள் நூறு மூட்டைக்குக் குறைவாக வாங்கக் கூடாது. சந்தை அமைதியானது. நூறு மூட்டை வாங்கும் வசதி களஞ்சியத் தலைவர் பெருங்கண்ணனார் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் சட்டத்தை மிகவும் புகழ்ந்தார்.

தை மாதத்தில் பூவாள் என்ற எட்டு வயதுச் சிறுமி அரசவைக்கு வந்தாள். அவளிடம் பத்துப் பணம் இருந்தது. அவள் ஆசைப்பட்ட ஆட்டுக்குட்டியின் விலை பன்னிரண்டு பணம். சித்திரை முடியும்வரை அதை யாருக்கும் விற்பதில்லை என்று ஆட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அறுவடையின்போது பத்துப் பணம் விற்கும் துவரை மூட்டை, சித்திரையில் பதினைந்துக்குப் போகும். ஆனால் ஒரே ஒரு மூட்டை வாங்கச் சட்டத்தில் இடமில்லை; அதற்கு அனுமதி கேட்கத்தான் வந்திருந்தாள்.

"பத்துப் பணத்தில் வாணிபமா, குழம்பு வைக்கவா?" என்று கேட்டார் பெருங்கண்ணனார். அவை சிரித்தது.

அமைச்சர் இளஞ்சாத்தன் சிரிக்கவில்லை. பூவாளைப் போன்ற நூறு பேர் சேர்ந்து நூறு மூட்டை வாங்கட்டும், ஆளுக்கு ஓர் ஓலைச்சீட்டு கொடுத்து ஒரே கிடங்கில் வைப்போம் என்றார்.

"எலி ஒரு மூட்டையைத் தின்றால், தின்றது யாருடைய மூட்டை?" என்று மடக்கினார் பெருங்கண்ணனார்.

"எல்லாருடையதும்தான். ஒருவர் மூட்டை போனால் அவர் அழுவார். நூறு பேரிடமிருந்து சில கைப்பிடி போனால் யாரும் அழமாட்டார்கள்."

அரசனுக்கு அது பிடித்துவிட்டது. பெருங்கண்ணனார் விடவில்லை. கிடங்கைத் தானே காப்பதாகவும், விளக்குக்கும் துடைப்பத்துக்கும் ஏதோ கொஞ்சம் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். எலி ஒரு மூட்டைக்கு மேல் தின்றால் மிச்சத்தைத் தானே ஈடுகட்டுவதாகவும் மார்தட்டினார். அமைச்சர் அதை ஓலையில் எழுதி நீட்டினார். பெருங்கண்ணனார் படிக்காமலே முத்திரை வைத்தார்.

சித்திரைக் கடைசியில் கிடங்கைத் திறந்தார்கள். எழுபத்தொன்பது மூட்டைகள் இருந்தன. விற்றுப் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு பணம்கூடத் தேறாது. பூவாள் ஓலைச்சீட்டைப் பிடித்தபடி நின்றாள்.

எலி எவ்வளவு தின்றது என்று அரசன் கேட்டான்.

"ஒரு மூட்டை, மன்னா. பொல்லாத எலி."

"மற்ற இருபது?"

"மாதம் ஐந்து மூட்டை. விளக்கு, துடைப்பம்."

அமைச்சர் ஓலையைப் படித்தார். அதில் எலி என்ற சொல்லே இல்லை. கிடங்கில் இருப்பவர் யாராயினும், ஒரு மூட்டைக்கு மேல் தின்றால் மிச்சத்தைக் களஞ்சியத் தலைவர் ஈடுகட்ட வேண்டும் என்றிருந்தது. இருபது மூட்டைகளும் அன்று மாலையே வண்டியில் திரும்பி வந்தன. இளஞ்சாத்தனுக்கு அரசன் முத்துமாலை அணிவித்தான். பூவாளுக்குப் பதினான்கு பணமும் சில்லறையும் கிடைத்தன. ஆட்டுக்குட்டியோடு அவைக்கு வந்து வணங்கினாள்.

"அடுத்த ஆண்டு கிடங்கில் யார் இருக்கலாம்? நீயே சொல், பெண்ணே" என்றான் அரசன்.

பூவாள் பெருங்கண்ணனாரைப் பார்த்தாள். கிடங்கு இருந்த பக்கம் பார்த்தாள்.

எலி இருக்கட்டும் என்றாள்.