கடலுக்கு எத்தனை மதிப்பெண்?

நெய்தலி என்ற பங்குனி ஆமைக்கு அநியாயம் நடந்தது. அவள் பிறந்த கரையின் கல்விக்கூடமே அவளைச் சேர்க்க மறுத்தது. அவள் செய்த குற்றம், கடலில் படித்தது.

அந்தக் கல்விக்கூடம் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் இருந்தது. எந்த மணலில் முட்டையிட்டால் அலை தொடாது, நரி தோண்டாது என்று அங்கே மட்டும்தான் சொல்லித் தருவார்கள். அடுத்த பங்குனியில் நெய்தலி முட்டையிட வேண்டும். கோடை முற்றினால் ஆற்றுவாயை மணல் மூடிவிடும். அன்றோடு சேர்க்கையும் முடிந்துவிடும்.

சேர்க்கை அலுவலகத்தில் கொடுக்கன் என்ற நண்டு உட்கார்ந்திருந்தது. விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டியது.

"இங்க ஒரு குட்டைக்கு ஒரு வகுப்பு, மொத்தம் ஆறு குட்டை முடிச்சிருக்கணும்மா. நீ எத்தனை குட்டை முடிச்சே?"

"நான் குட்டையில படிக்கலைங்க. கடல்ல படிச்சேன்."

"அப்போ பூஜ்ஜியம்" என்று எழுதிக்கொண்டது கொடுக்கன். வெளிநீர் மாணவர்களுக்குத் தனி இடம் உண்டு, பக்கத்துச் சன்னலில் கேள் என்றது.

பக்கத்துச் சன்னலில் ஒரு கொக்கு. அது படிப்பைப் பார்க்கவே இல்லை, பிறந்த இடத்தைப் பார்த்தது. இதே கரையில் பொரிந்தவள் எப்படி வெளிநீர் மாணவி ஆவாள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது.

நியாயமா இது? படிப்பைக் கேட்டால் அயலாள், பிறப்பைக் கேட்டால் உள்ளூர்க்காரி. பொரிந்த அன்றே அலை அவளை இழுத்துப் போனது. பள்ளியை அவளா தேர்ந்தெடுத்தாள்?

வரிசையில் நின்ற மடவை மீன் குஞ்சுகள் சிரித்தன. "தள்ளுங்கப்பா, ஃபாரின் அக்கா வர்றாங்க" என்றது ஒன்று.

நெய்தலி நகரவில்லை. கடலில் என்ன படித்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பூஜ்ஜியம் போட்டது எந்த விதியில் இருக்கிறது என்று வாதாடினாள். தொல்லை தாங்காமல் கொடுக்கன் ஒரு வழி சொன்னது. அவள் படிப்பு ஆறு குட்டைக்குச் சமமா என்று அவள் பள்ளியே பதில் தரட்டும், ஆற்றுவாய் மூடுவதற்குள் வரட்டும். கேள்வியை ஓர் ஆலாப் பறவையிடம் கொடுத்து அனுப்பியது.

ஏழு நாள் போயிற்று. ஆற்றுவாய் ஒரு முழமாகக் குறுகியது. நெய்தலி அலுவலக வாசலிலேயே கிடந்தாள்.

எட்டாம் நாள் காலையில் பதில் வந்தது. ஓலையாக வரவில்லை. முதலில் தண்ணீர் சிலிர்த்தது. பிறகு சேறு அதிர்ந்தது. கண்டல் மரங்களின் வேர்கள் ஒவ்வொன்றாக நடுங்கின. காதால் கேட்க முடியாத ஒரு குரல் எல்லோருடைய எலும்புக்குள்ளும் கேட்டது. மணல்திட்டுக்கு அப்பால் ஒரு முதுகு எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. மடவைகள் நீந்த மறந்தன. கொக்கு தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. வானம் வரை ஒரு மூச்சு பீறிட்டு, மழையாக எல்லோர் மேலும் விழுந்தது.



"யாரும்மா அது?" என்று கொடுக்கன் மெல்லக் கேட்டது.

"எங்க திமிங்கில டீச்சர்."

"என்ன சொல்றாங்க? சமமா, இல்லையா?"

"நான் ரெண்டு பெருங்கடலைத் தாண்டினது உண்மைங்கிறாங்க. எத்தனையோ கரை இருந்தும் இந்தக் கரையை நானே கண்டுபிடிச்சது உண்மைங்கிறாங்க. அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்குறாங்க."

"என்ன?"

"ஆறு குட்டைன்னா எவ்வளவு, கேள்விப்பட்டதே இல்லையே, அதுக்கு நாங்க என்ன மதிப்பெண் போடுறதுன்னு கேக்குறாங்க."

கொடுக்கன் தன் ஆறு குட்டைகளையும் திரும்பிப் பார்த்தது. மணல்திட்டைத் தாண்டி அது ஒருநாளும் போனதில்லை. விண்ணப்பத்தை எடுத்தது, தான் போட்ட பூஜ்ஜியத்தைத் தானே அடித்தது, கீழே பதிலை எழுதி உரக்கப் படித்தது:

"நாங்கள் போகாத கடலை அளக்க எங்களிடம் கோல் இல்லை, தெரியாததைப் பூஜ்ஜியம் என்று எழுதியது எங்கள் அறியாமை, உள்ளே வா, உனக்கு இடம் உண்டு."