வெயிலில் ஒரு பானை, கம்பளிக்குள் ஒரு பானை

"நாலு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன், தாயி. புதன்தான். அதை விட்டா வேற இல்ல."

சொல்லிவிட்டு மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். ஜெயித்தவன் மாதிரி.

அருமைநாயகி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

அவள்தான் குரு. வயது முப்பதுகூட ஆகவில்லை. மலையடிவாரத்தில் ஒரு குடிலும் ஒரு தொலைநோக்கியும் வைத்திருந்தாள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுவாள். போகும்போது கையில் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்புவாள்.

அவன் சீடன். நாற்பத்தைந்து வயது. கம்பளி நெய்கிறவன். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அவனிடம் ஒரே வைத்தியம்தான்: "ஒரு கம்பளியைப் போத்தி விடு."

அவனுக்கு அவள் கொடுத்த கேள்வி இது. சூரியனைச் சுற்றுகிற உலகங்களில் எது எல்லாவற்றையும் விடச் சூடு?

"அடுப்புக்குப் பக்கத்துல உட்காந்தவனுக்குத்தானே அனல் அடிக்கும்? புதன்தானே சூரியனுக்குப் பக்கத்துல கிடக்கு?"

"பக்கம்தான்."

"அப்புறம் என்ன?"

"அதைவிடச் சூடானது ஒண்ணு இருக்கு, அண்ணே."

வேறு நாளாயிருந்தால் மாதையன் முறைத்துக்கொண்டு போயிருப்பான். இன்றைக்குச் சிரித்தான்.

"என்ன சொன்னாலும் இன்னைக்கு எனக்குக் கோபம் வராது. மூணு நாளா வீல் வீல்னு கத்தின என் குட்டி, காலையிலதான் வாயை மூடினா. வீடே நிம்மதியா இருக்கு."

"தூங்குறாளா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

அவளும் சிரித்தாள். பிள்ளை தூங்கினது எந்த வீட்டில்தான் நல்ல சேதி இல்லை?

மாதையனுக்கு அது ரொம்பவே நல்ல சேதி. முதல் குழந்தையை ஒரு மார்கழிப் பனி கொண்டுபோய்விட்டது. ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் இவள். பிறந்து முப்பத்தாறு நாள் ஆகிறது.

"சரி, வாங்க" என்று அருமைநாயகி எழுந்து குடிலுக்குப் பின்னால் போனாள்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

பாறைமேல் ஒரு பானை திறந்து கிடந்தது. உள்ளே தண்ணீர். வேப்பமர நிழலில் இன்னொரு பானை. அதற்கு மூடி போட்டு, மேலே மூன்று சுற்றுக் கம்பளி.

மாதையன் குனிந்து பார்த்தான். "அட! நான் குடுத்த கம்பளி!"

"ரெண்டும் ஒரே அடுப்பு. விடியக்காலையில ஒண்ணாத்தான் இறக்கினேன். இப்ப எது சூடு?"

"இதுல என்ன கேள்வி? ஒண்ணு வெயில்ல காயுது. ஒண்ணு நிழல்ல நிக்குது."

"தொட்டுப் பாருங்க."

பாறைமேல் இருந்த பானைக்குள் கையை விட்டான். வெதுவெதுப்பு. குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல இருந்தது.

நிழலுக்கு வந்தான். கம்பளியை விலக்கி, மூடியைத் தள்ளி, அதே நம்பிக்கையோடு கையை விட்டான்.

"ஆத்தாடி!"

கையை உதறிக்கொண்டு துள்ளினான். விரல் சிவந்துவிட்டது.

"தாயி, இது என்ன சூது? அடியில தணல் வச்சிருக்கியா?"

"தூக்கிப் பாருங்க."

காலால் பானையை நகர்த்திப் பார்த்தான். அடியில் மண்தான். குளிர்ந்த மண்.

"தீயே இல்லையே! அப்ப எங்கேயிருந்து வந்துச்சு இவ்வளவு சூடு?"

"எங்கேயிருந்தும் வரல. போகல, அவ்வளவுதான்."

மாதையன் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

"புதனுக்குப் போர்த்திக்கக் காத்து இல்ல, அண்ணே. பகல்ல சட்டியா காயும். ராத்திரி ஆனா அத்தனையும் ஓடிப்போயி வெறைச்சுக் கிடக்கும். செவ்வாய்க்குப் போர்வை இருக்கு, ஆனா ஓட்டைத் துணி. சாயங்காலம் ஆனா நடுங்கும்."

"அப்ப எதுதான் சூடு?"

"நீங்க தினம் விடியல்ல பார்த்துக் கும்பிடுறீங்களே, அது."

"வெள்ளியா!" மாதையன் வாயைப் பிளந்தான். "அது குளுகுளுன்னுல்ல மின்னுது!"

"மின்னுறது வெளியில. உள்ளே கனத்த காத்து, மேல மேகம், அதுக்கு மேலயும் மேகம். வந்த சூடு வெளியே போக வழியில்ல. பகலும் ராத்திரியும் ஒரே கொதிப்பு. ஈயத்தை வச்சா உருகி ஓடிரும்."

மாதையன் சிரித்துவிட்டான். அவனுக்குப் பிடித்துப்போனது.

"அப்படிச் சொல்லு! என் வீட்டு அறை மாதிரி. சன்னலைச் சாத்தி, சந்துக்குச் சாக்கு அடைச்சு, சாம்பிராணி போட்டு, என் குட்டிக்கும் மூணு கம்ப..."

வாய் நின்றது.

கண் பானைமேல் போனது. பானையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து அவள் அழவில்லை.

மாதையன் ஓடினான். செருப்பு ஒன்று பாறையிலேயே கிடந்தது. துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டது. தன் வீட்டுக் கதவு இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவனுக்கு இதுவரைக்கும் தெரியாது.

வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த பொம்மி நிமிர்ந்தாள். "மெதுவா, மெதுவா! இப்பத்தான் தூங்குறா, எழுப்பி விட்டுறாதீ..."

புருஷன் முகத்தைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

கதவைத் திறந்ததும் அடுப்பு வாயைத் திறந்தது போல் அனல் மூஞ்சியில் அடித்தது. மாதையன் ஒரு கம்பளியை இழுத்தான். இன்னொன்று. இன்னொன்று. குல்லா. அவன் கையால் நெய்தது, ஒரு இழை விடாமல் நெருக்கி நெய்தது.

உள்ளே குழந்தை செக்கச்செவேல் என்று கிடந்தது. கையைத் தூக்கினால் துவண்டு விழுந்தது.

"ஐயோ, என் தங்கமே!" பொம்மி அள்ளிக்கொண்டாள்.

மாதையன் சன்னலைக் குத்தினான். சாக்கு பிய்ந்து விழுந்தது. காற்று வந்தது.

கூடவே அருமைநாயகியும் வந்தாள். மூச்சிரைக்க, இடுப்பில் பாறைமேல் இருந்த பானையோடு.

துணியை நனைத்தாள். நெற்றி, கழுத்து, கக்கம், பாதம். மறுபடி நனைத்தாள். மறுபடி.



மாதையன் சூடுபட்ட விரலைக் கடித்துக்கொண்டு நின்றான்.

குழந்தையின் உதடு கோணியது. ஒரு விக்கல். அப்புறம் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வீறல்.

மாதையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பால் குடு பொம்மி. குடுத்த கையோட நர்ஸம்மாகிட்ட தூக்கிட்டுப் போ" என்றாள் அருமைநாயகி.

குழந்தை பாலைப் பிடித்துக்கொண்டது. சன்னல் வழியே வந்த காற்று அதன் தலைமுடியைக் கலைத்தது. மாதையன் பழக்கதோஷத்தில் கம்பளிப் பக்கம் கையை நீட்டினான். பாம்பைத் தொட்டவன் போல் இழுத்துக்கொண்டான்.

காலாலேயே அதை மூலைக்குத் தள்ளிவிட்டுக் கேட்டான்.

"தாயி... நம்ம பூமிக்கு எத்தனை கம்பளி?"

அருமைநாயகி சுற்றுமுற்றும் பார்த்தாள். கொடியில் கிடந்த பொம்மியின் பழைய சேலைக் கிழிசலை எடுத்து உதறினாள். வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்தது. அதைக் குழந்தையின் கால்மேல் மெல்லப் போட்டாள்.

"இது ஒண்ணுதான், அண்ணே. மேல எதையும் போட்டுறாதீங்க."