தம்பியைக் கேட்ட சத்தம்

செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் சிற்றூர்ச் சபையில் வேதக்கோயிலைப் பெருக்கிப் பாய் விரிப்பவர் வேதக்கண். வருஷத்தில் ஒருநாள், ஊரே ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ணும் அசனப் பந்தியன்று, கிடாரங்களுக்கு அவர்தான் ராஜா. ஜெபத்துக்கு முன் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கக் கூடாது என்பது வழக்கம். ஆகவே கரண்டியும் கையுமாய்க் கண்ணை மூடி, "உப்பு போதுமா, ஆண்டவரே?" என்று கேட்பார். உள்ளுக்குள் ஒரு சத்தமாய்ப் பதில் வந்துவிடும். அந்தச் சாம்பாரின் ருசி, அடடா, இன்றைக்கும் நாவில் நிற்கிறது!

ஒரு வருஷம் அவருடைய தம்பி தங்கையா ஊர் கேட்கச் சிரித்தார். "ஆண்டவருக்கு வேற சோலி இல்லையாக்கும்? எங்கண்ணன் கொழம்புக்கு உப்பு பாக்காராம்!"

வேதக்கண்ணுக்குச் சுருக்கென்று தைத்தது. "இனி எம் மூஞ்சியில முழிக்காதல" என்றுவிட்டார். தம்பி அதன்பின் அசனத்துக்கே வரவில்லை.

அன்றோடு அந்தச் சத்தமும் நின்றுபோயிற்று. ஒரு வருஷம் குழம்பு கரித்தது, மறுவருஷம் சப்பென்றிருந்தது. ஊர் முணுமுணுத்தது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஆண்டவர் தம்மோடு பேசுவதில்லையே என்றுதான் உருகிப்போனார், பாவம்.

புதிதாய் வந்த குருவானவர் ஆறுதலாகவே சொன்னார்: "அவர் பேச வேண்டியதெல்லாம் வேதத்துல பேசிட்டாரே அண்ணாச்சி. தனியா வேற பேசணுமா?"

"பெத்த தகப்பன் உசுரோட இருக்கையில பிள்ளகிட்டப் பேசாம இருப்பாரா, ஐயா?" என்றார் வேதக்கண்.

அந்த வருஷ அசனமும் வந்தது. கிடாரம் கொதிக்கையில் வழக்கம்போல் கேட்டார். உள்ளுக்குள் சத்தம் தெளிவாய் வந்தது.

"உன் தம்பி எங்கடா?"

வேதக்கண் கரண்டியைப் போட்டுவிட்டு, பந்திக்கு நேரமாகிறது என்று கத்தியவர்களைத் திரும்பியும் பாராமல் தம்பி வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளை வேட்டி சட்டையில், அசனத்துக்குப் புறப்பட்டவர்போல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார் தங்கையா. "யார் சொல்லி வந்தீரு, அண்ணே?"

"நான் உப்பத்தாம்ல கேட்டேன். அவரு உன்னயில்ல கேக்காரு!"

தம்பி குலுங்கி அழுதார். "வருஷா வருஷம் இப்படி உடுத்திட்டு உக்காந்திருக்கேன். எங்கண்ணன அனுப்பும்னு அவருகிட்டதான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

இருவரும் கைகோத்து வந்து சேர்ந்தபோது குழம்பு அடிப்பிடித்திருந்தது.  பந்தியின் முன்னே ஜெபத்துக்கு நின்ற குருவானவர் விலகி இடம்விட்டு, "இன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி" என்றார்.

"பேசினீரே, ஆண்டவரே!" அவ்வளவுதான் வேதக்கண்ணின் ஜெபம். ஊரே ஆமென் சொல்லிற்று. சொன்ன சொல்லுக்கு உடனே எழுந்துபோன அந்த நல்ல மனிதரை எங்கள் சபைக்குத் தந்தவருக்கு ஸ்தோத்திரம்.