சுவர்களுக்கு ஊடே நடந்த மேஸ்திரி

"கதவு தொறந்துதான் இருக்கு டீச்சர். ஆனா இந்த ஆளு உள்ள போக மாட்டேங்கிறான்."

தணிகாசலம் மேஸ்திரி இதைத் தணிந்த குரலில்தான் சொன்னார். பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று.

ஹசீனா வந்து திரையைப் பார்த்தாள். மேஸ்திரி வரைந்த வீட்டுக்குள் விரல் உயர மனிதன் ஒருவன் கதவு நிலையில் முட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தான்.

"கதவு என்ன அகலம்?"

"ஒண்ணரை அடி."

"நீங்க கட்டுற வீட்ல ஒண்ணரை அடியில கதவு வைப்பீங்களா?"

"மாட்டேன்."

"பின்ன அவன் மட்டும் எப்படி நுழைவான்?"

சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு இருபத்தேழு வயது. அவருக்கு ஐம்பத்து மூன்று. பண்ருட்டியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடை மாடியில் அவளுடைய வகுப்பு. கம்ப்யூட்டரில் வீடு வரையக் கற்றுத்தருகிறாள். படிப்பவர்கள் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் பாலிடெக்னிக் பெண்கள். மிச்சம் ஒருவர் மேஸ்திரி.

அவர் அறுபது வீடு கட்டியவர். நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்து, சுண்ணாம்புத் தூளால் மண்ணில் கோடு போட்டுக் கட்டியவர். ஆனால் இப்போது வீடு கட்ட வருகிறவர்களுக்குக் கோடு போதவில்லை. அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டும் முன்பே உள்ளே போய்ச் சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்படிக் காட்டத் தெரியாததால் இரண்டு வீடு கை நழுவிப் போனது. அதனால்தான் வந்து சேர்ந்தார்.

மவுஸைப் பிடித்த முதல் நாளே அவமானம்தான்.

முதல் வாரம், அறை வரைந்தால் தரை வரவில்லை. நாலு சுவரும் சரியாகத்தான் இருந்தன. ஹசீனா ஒரு மூலையைப் பெரிதாக்கிக் காட்டினாள். மயிரிழை இடைவெளி.

"இது கண்ணுக்கே தெரியலியே டீச்சர்."

"கம்ப்யூட்டருக்குத் தெரியுது. மூலை சேரலன்னா அதுக்கு அது அறையே இல்ல."

இரண்டாவது வாரம் ஏழடிக் கதவு என்று நினைத்து ஏழு என்று அடித்தார். ஏழு மில்லிமீட்டரில் கதவு வந்தது. எறும்புக்கு வீடு கட்டுறீங்களா அங்கிள் என்று ஒரு பெண் கேட்க, வகுப்பே சிரித்தது. ஹசீனா சிரிக்கவில்லை. அடியா மில்லிமீட்டரா என்று முதலில் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள் என்றாள்.

அதே வாரம் கரண்ட் போயிற்று. மூன்று நாள் வேலை காணாமல் போனது. மேஸ்திரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் போனதுக்கு நீங்க ஏன் வெட்கப்படுறீங்க?" என்றாள் ஹசீனா. "சேவ் பண்ணாததுக்குப் படுங்க."

அப்படிப்பட்டவள்.

கதவை மூன்றடி ஆக்கினார். அந்த விரல் மனிதன் உள்ளே போனான். ஆனால் கட்டில் காலில் முட்டினான். அதை நகர்த்தினால் பீரோவில் முட்டினான். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வரத் தெரியாமல் மூலையில் மாட்டிக்கொண்டு ஆணி அடித்தது போல நின்றான். மேஸ்திரிக்கு வேர்த்துவிட்டது.

பக்கத்து மெஷின் பெண் பாவம் பார்த்து ஒரு வழி சொன்னாள். ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. சுவரும் சாமானும் ஆளைத் தடுக்க வேண்டுமா என்று கேட்கும் கட்டம். அதிலிருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் எதிலும் முட்டாது.

"நாங்க எல்லாரும் அதத்தான் அங்கிள் பண்ணுவோம். மேடம்கிட்ட சொல்லிடாதீங்க."

எடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்குப் பிடித்துப்போனது. அம்புக்குறியை அழுத்தினால் போதும். சமையலறையிலிருந்து சுவருக்குள் புகுந்து ஹாலுக்கு வரலாம். ஹாலிலிருந்து பூஜை அறைக்குள் நேராகப் போகலாம். தண்ணீரில் மீன் போவது போல வீடு முழுக்கப் போய் வந்தார். பத்து நாளில் தன் சொந்த வீட்டையே வரைந்து முடித்துவிட்டார்.

ஆமாம், சொந்த வீடு. மகனுக்குக் கல்யாணம் வருகிறது. பக்கத்து மனையை வாங்கியாயிற்று. வியாழக்கிழமை காலை பூஜை போட்டுக் கடக்கால் தோண்டுவதாக ஏற்பாடு. இப்போது இருக்கும் வீடும் அவர் கட்டியதுதான், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். கொல்லையில் இருந்த கக்கூஸை வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் வீடு அந்தத் தெருவில் அதுதான் என்று இன்றும் சொல்லிக்கொள்வார்.

திங்கட்கிழமை ஹசீனாவைக் கூப்பிட்டுப் புது வீட்டைக் காட்டினார்.

பதினெட்டுக்குப் பதினாலில் ஹால். அவரைத் தேடி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். செங்கல்காரர், மணல்காரர், வேலை கேட்டு வருகிறவர், வீடு கட்டித் தரச் சொல்லி வருகிறவர். அதனால் ஹால் பெரிது. அவர் அறைக்குள்ளேயே ஒரு பாத்ரூம். மகன் அறைக்குள்ளேயே ஒன்று. அப்புறம் பூஜை அறை, சமையலறை. சமையலறையை ஒட்டிப் பின்பக்கம் ஒரு அறை.

"இது என் தங்கச்சிக்கு" என்றார். "தனி ரூம். ஜன்னல் வச்சிருக்கேன். அவளுக்குப் பிடிக்கும்னு ரோஸ் கலர்."

வேதவல்லி புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒரு நாள் ஒரு பொழுது அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை அவர். தெருவில் ஒருவன் அவளை வாழாவெட்டி என்று சொன்னதற்குச் சட்டையைப் பிடித்திருக்கிறார். என் வீட்டில் என் தங்கச்சிக்கு ஒரு குறையும் கிடையாது என்று நாலு பேர் கேட்கச் சொன்னவர். அதைப் பொய் என்று அறிந்து சொல்லவில்லை. அவர் நல்லவர்தான்.

ஹசீனா அவரைப் பாராட்டுவாள் என்று காத்திருந்தார்.

அவள் திரையில் வேறொரு கதவைத் தொட்டாள். ஹாலில், டிவி மாட்டிய சுவரையொட்டி, சோபாவுக்கு எதிரே இருந்த கதவு.

"இது யாருக்கு?"

"பொது பாத்ரூம் டீச்சர். வர்றவங்களுக்கு. தங்கச்சிக்கும் அதான்."

ஹசீனா குனிந்தாள். ஓரத்துக் கட்டத்தில் டிக்கைப் போட்டாள். அவர் எதற்காக எடுத்தார் என்று கேட்கவில்லை. சாமான் பட்டியலில் தேடி, உட்கார்ந்திருக்கும் ஆண்கள் நாலு பேரை எடுத்துச் சோபாவில் வைத்தாள். விரல் மனிதனைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதே உயரத்தில் சேலை கட்டிய ஒருத்தியைப் பின்பக்க ரோஸ் அறையில் நிறுத்தினாள்.

"இவங்கள பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க."

மேஸ்திரி அம்புக்குறியை அழுத்தினார்.

அறை. சமையலறை. சாப்பாட்டு மேஜை. அதில் இரண்டு தடவை முட்டி, ஒரு வழியாகச் சுற்றி வந்தார். ஹால் வந்தது. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே நாலு ஜோடி முழங்கால். அவள் முதல் முழங்காலில் முட்டி நின்றாள். நின்ற இடத்திலேயே நடந்தாள். நாலு ஆண்களும் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"டீப்பாயை எடுத்துடலாம்" என்றார் மேஸ்திரி.

"எடுங்க."

எடுத்தார். அவள் நாலு பேருக்கும் முன்னால் குறுக்கே நடந்து போய், அவர்களுக்கு எதிரே இருந்த கதவைத் திறந்து, உள்ளே போனாள்.

"போயிட்டா பாருங்க" என்றார்.



ஹசீனா பேசாததுதான் அவரை வாதாட வைத்தது. வருகிறவர்கள் எல்லாம் நம்ம ஆளுங்கதான் என்றார். எழுந்து வழி விடுவார்கள் என்றார். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, அறுபது வீட்டுக்காரர்களில் ஒருத்தர் குறை சொன்னதில்லை என்றார். பேச வந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்காரர்கள்தான், வீட்டுக்காரிகள் யாரும் அவரிடம் வந்ததில்லை என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. கடைசியாகச் சொன்னார்:

"இதுல வெட்கப்பட என்ன டீச்சர் இருக்கு? எல்லாருக்கும் உள்ளதுதானே."

ஹசீனா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"நீங்க இங்க சேர்ந்து எத்தன நாள் ஆச்சு?"

"இருபத்தாறு."

"தினம் மூணு மணி நேரம். சுகர் வேற இருக்குன்னீங்க."

"ஆமா."

"நம்ம வகுப்புல பாத்ரூம் எங்க இருக்கு?"

அவருக்குத் தெரியும். முன்வரிசைக்கு நேர் எதிரே, போர்டுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கதவு. பதினொரு பெண்களும் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பூட்டில்லை. யார் வேண்டுமானாலும் போகலாம்.

இருபத்தாறு நாளில் அவர் அந்தக் கதவைத் தொட்டதில்லை.

டீ குடிச்சிட்டு வந்துடுறேன் டீச்சர் என்பார். மாடி இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டுக் கழிப்பிடத்துக்குப் போவார். ஒரு நாள் ரோட்டில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தாண்ட முடியாமல் உரக்கடை வாசலிலேயே காலைப் பின்னிக்கொண்டு நின்றார். மேஸ்திரிக்கு டீ இல்லாமல் முடியாது என்று பெண்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவருக்கு வசதியாக இருந்தது.

"எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றாள் ஹசீனா.

எழுந்து போய்விட்டாள்.

மேஸ்திரி மெஷினை அணைக்காமலே கிளம்பினார். படிக்கட்டில் இறங்கும்போது முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வேர்வை இல்லை.

வீட்டு ஹாலில், பாத்ரூம் கதவுக்கு எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வியாழக்கிழமைக்குச் செங்கல் இறக்குவது பற்றிப் பேச வந்தவர்கள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டார். பத்து மணிக்கே வந்துட்டோம் மேஸ்திரி, தங்கச்சி ரெண்டு தடவ டீ குடுத்துச்சு என்றார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை.

அவர் உட்காரவில்லை.

"வியாழக்கிழமை தோண்ட வேணாம்" என்றார். "பிளான் மாறுது."

மூவரும் நிமிர்ந்தார்கள். நல்ல நாள் பார்த்தாயிற்றே, ஆட்களுக்குச் சொல்லியாயிற்றே என்றார்கள். அப்படி என்ன மாற்றம் என்றார்கள்.

"பாத்ரூம் வச்ச இடம் தப்பு."

செங்கல்காரர் சிரித்துவிட்டார். "அறுபது வீடு கட்டின மேஸ்திரிக்கா தப்பாச்சு?"

"அறுபதும் தப்பு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். அவர் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

சமையலறையில் வேதவல்லி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கொல்லைப்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றார். இப்படி அவர் அங்கே வந்து நின்று அவள் பார்த்ததில்லை. பசிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார்.

எப்படிக் கேட்பது? கூடப் பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அதற்கென்று ஒரு சொல் அவரிடம் இல்லை.

"வல்லி."

"என்னண்ணே?"

"ஹால்ல ஆளுங்க இருக்கறப்ப..."

 அவள் களைந்த கையோடு அவரைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அரிசியில் இருந்த கல்லைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"சிவகாமி அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவேண்ணே" என்றாள்.

பின்தெரு சிவகாமி. தினம் ஒரு தடவையாவது கறிவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று அங்கேதான் போவாள். நம்ம கொல்லையிலேயே மரம் நிக்குது, ஊர் சுத்தறதுக்கு உனக்கு ஒரு சாக்கு என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னதால் அதைக் கடிந்து பேசியதாக அவர் கணக்கில் வைக்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுவும் நான் கட்டின வீடுதானேம்மா. இதே பிளான். அங்கயும் ஹாலைத் தாண்டித்தானே போகணும்?"

வேதவல்லி ஒரு கல்லை எடுத்து ஜன்னல் வழியே வெளியே போட்டாள்.

"அந்த வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லியேண்ணே."