இடுப்பில் இருந்த ஆறு

முன்னொரு காலத்தில் சேற்றில் கால்படுவதே பிடிக்காத ராஜா ஒருவர் இருந்தார். தம் நாட்டு ஆறு கடலில் சேரும் அலையாத்திக் காட்டை அவர் பார்த்ததில்லை. ஒரு நாள் அந்த இடத்தைத் துணியில் வரையச் சொல்லிப் பார்க்க ஆசை வந்தது.

அளவை அதிகாரி காளத்தியப்பருக்கு அந்தக் காடு தெரியும். கடல் ஏறினால் ஆறு மணலைக் கரைத்துக்கொண்டு புதுவழி போய்விடும். எந்தப் படமும் ஒரு நாள் தாங்காது. சபையைச் சிரிக்கவைக்கும் வைரவன்மேல் அவருக்கு வெகுநாளாகப் புகைச்சல். வரைய அவனே தகுந்தவன் என்றும், படம் சரிதானா என்று பல்லக்கிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றும் ராஜாவின் காதில் போட்டார்.

"ஆறு இருக்கிறபடியே படமும் இருக்க வேண்டும்," என்றார் ராஜா. "ஒரு வளைவு தப்பினாலும் நீ அந்தக் காட்டிலேயே இருந்துவிடு, வைரவா."

வைரவன் போனான். மேடும் பாறையும் பெருமரங்களும் வரைந்து முடிக்கும்வரை சமர்த்தாக நின்றன. ஆறுதான் நிற்கவில்லை. காலையில் வரைந்த வளைவு சாயங்காலம் இருக்காது. அழித்து அழித்துத் துணியே நைந்தது. இனி முதலைகளுக்கு விகடம் சொல்லித்தான் காலந்தள்ள வேண்டுமோ என்று கலங்கியபடி குளிக்க இறங்கியவன், தன் இடுப்பைப் பார்த்துச் சிரித்தான்.

பல்லக்கு வந்து மேட்டில் இறங்கியது. படத்தை விரித்த காளத்தியப்பருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"ஆற்றையே காணோம், மகாராஜா."

"அது என் இடுப்பில் இருக்கிறது, மகாராஜா," என்றான் வைரவன்.

கறுப்பு அரைஞாண் கயிற்றை அவிழ்த்தான். ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றைப் படத்தின்மேல் வளைத்து வளைத்து வைத்தான். எதிரே ஓடிய ஆறும் அச்சாக அப்படியே இருந்தது. இது படமல்ல, ஏமாற்று என்று காளத்தியப்பர் வாதாடினார். அவர் வாதம் முடிவதற்குள் கடல் ஏறி, மணல்திட்டு ஒன்று கரைந்து, ஆறு தெற்கே ஒதுங்கியது. வைரவன் கயிற்றை விரலால் தெற்கே தள்ளினான்.

"ஆறு இருக்கிறபடி கேட்டீர்கள், மகாராஜா. ஆற்றை யாரும் கட்டிப்போடவில்லை. நானும் கட்டிப்போடவில்லை."

ராஜா பல்லக்கு குலுங்கச் சிரித்தார். மாதந்தோறும் சேற்றில் இறங்கி ஆற்றைப் பார்த்துவந்து, அரண்மனைப் படத்தில் கயிற்றை நகர்த்தும் வேலையைக் காளத்தியப்பருக்குக் கொடுத்தார்.

"உன் கயிறு இனி நம் ஆறு. அதற்கு ஈடாக இதைக் கட்டிக்கொள்," என்று தம் பொன் அரைஞாணைக் கழற்றி வைரவனிடம் நீட்டினார்.

அரண்மனை வாசலில் பல்லக்கு இறங்கியபோது வைரவன் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு நடந்தான். ராஜாதான் ஒரு கையால் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போனார்.