பூக்குழிக்குப் பயந்தவன்

செம்புலிங்கம் நிரபராதி என்று மேல் கோர்ட் விடுதலை செய்த செய்தி வந்த அன்று ஊருக்குப் பேச்சே வரவில்லை. டீக்கடையில் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். ஒன்பது வருடம் உள்ளே இருந்திருக்கிறான். தீ மிதிக்கும் பூக்குழி அன்று கோயில் காவலாளியைக் கொன்றவன் வேறொருவனாம். இன்னொரு வழக்கில் பிடிபட்டவன், இதையும் தானே ஒப்புக்கொண்டு, ஒளித்து வைத்திருந்த அம்மன் கிரீடத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டானாம்.

மூன்றாம் நாள் ஊருக்கு வாய் திறந்தது. போலீஸைத் திட்டியது, வக்கீலைத் திட்டியது. தண்டனை அறிவித்த அன்று பஸ் ஸ்டாண்டில் வெடி போட்ட அதே ஆட்கள், செம்புலிங்கத்தின் அக்கா வீட்டு வாசலில் ரோஜா மாலையோடு நின்றார்கள். ஒருத்தருக்காவது முகம் சுண்ட வேண்டுமே! இல்லை.

நான்காம் நாள் காலையில் தாண்டவமூர்த்தி மலையடிவார மடத்துக்கு வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுபத்திரண்டு வயது. பூக்குழி இறங்குகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். மடத்துச் சாமி அவரைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் ஆறு வருடமாக அவரைத்தான் குருவாகக் கொண்டிருந்தார் தாண்டவமூர்த்தி.

சாமி அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

"தூக்கமே இல்ல சாமி."

"உட்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

"கோர்ட்ல நான் பொய் சொல்லல. பார்த்ததைத்தான் சொன்னேன். ஊரே பூக்குழியைச் சுத்தி நிக்கு. இவன் மட்டும் காப்புக் கட்டின கையோட சைக்கிளை எடுத்துக்கிட்டு எல்லை தாண்டிப் போறான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

காப்புக் கட்டியவர் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த ஊரில் யாரும் தாண்டியதில்லை. பெற்ற தாய் செத்த செய்தி வந்தும் எல்லையிலேயே நின்று அழுத ஆட்கள் உண்டு. அதனால், செம்புலிங்கம் தாண்டினான் என்றதும், கொலைக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

"ஏன் ஓடினேன்னு அவன் சொல்லலையா?" என்று கேட்டார் சாமி.

"சொன்னான். தீயைப் பார்த்ததும் பயந்துட்டேன், அதான் ஓடிட்டேன்னான். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் இறங்கினவன் சாமி அவன்! யாரு நம்புவா? கோர்ட்ல நின்ன நம்ம ஊர்க்காரன் பூரா சிரிச்சுட்டான்."

"நீங்க?"

"நானும்தான்."

சாமி கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினார்.

"சரி, இப்ப ஊர் என்ன சொல்லுது?"

தாண்டவமூர்த்தியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதுக்குத்தான் வந்தேன். கமிட்டியில ஒரே மனசா பேசி முடிச்சுட்டோம். நாளைக்குக் காப்புக்கட்டு. இந்த வருஷம் பூக்குழியில முதல் ஆளா செம்புலிங்கம்தான் இறங்கணும். இதுக்கு மேல ஒரு மரியாதை ஊர்ல இல்ல. நீங்க வந்து உங்க கையால அவனுக்குக் காப்புக் கட்டிவிடணும்."

சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அதை இறக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"நேத்து போய்ச் சொன்னோம். தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தான். சந்தோஷத்துல பேச்சு வரல போல. கை மட்டும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு."

சாமி எழுந்தார். சட்டியை இறக்கி வைத்தார். இரும்புக் கரண்டியால் அடுப்பிலிருந்த கங்குகளை வாரித் தரையில் கொட்டிப் பரப்பினார். ஓர் ஆள் இரண்டு எட்டு வைக்கிற நீளம் இருந்தது.

"இறங்குங்க அண்ணாச்சி."

"சாமி?"

"இருபது அடி நடக்கிறவரு. இது ரெண்டே எட்டு."

"காப்பு இல்லாம எப்படி?"

சாமி மாடத்திலிருந்து ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை எடுத்தார். நூலில் முடிந்து தாண்டவமூர்த்தியின் வலது மணிக்கட்டில் கட்டினார்.

"இப்ப இறங்குங்க."

தாண்டவமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். கங்கின் ஓரம் வரை போனார். அங்கேயே நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. கால் விரல்கள் உள்ளே மடங்கின.

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார்.

"இன்னைக்கு மட்டுமா?"

அவர் மணிக்கட்டிலிருந்த காப்பைத் தடவினார்.

"எத்தனை வருஷம் இறங்கியிருக்கீங்க?"

"இருபத்தேழு."

"எத்தனை வருஷம் பயந்தீங்க?"

தாண்டவமூர்த்தி கங்கைப் பார்த்தபடியே சொன்னார். "இருபத்தேழு வருஷமும்தான். அந்த ஓரத்துக்கு வந்ததும் குலை நடுங்கும் சாமி. திரும்பி ஓடிரலாம்னு இருக்கும். பின்னால மேளம், பின்னால ஜனம். திரும்ப வழி இருக்காது. அதான் இறங்கிருவேன். என் சம்சாரத்துக்குக்கூட இது தெரியாது."

"மத்தவங்களுக்கும் இப்படித்தானா?"

"யாரும் சொன்னதில்ல. மூஞ்சியைப் பார்த்தா தெரியும்."

"கோர்ட்ல வக்கீல் உங்களை இதைக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"என்னன்னு?"

"காப்புக் கட்டினவன் பூக்குழியைப் பார்த்துப் பயப்படுவானான்னு..."

ஒன்பது வருடமாகத் தன்னிடமே இருந்த ஒன்றைத் தாண்டவமூர்த்தி அப்போதுதான் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கச் சாமிக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டார் சாமி.

"அம்மன் காப்புக் கட்டினவனுக்குப் பயமே வராதுன்னு சொன்னேன். ஊரே பார்த்துக்கிட்டு இருந்துச்சு சாமி. வேற என்ன சொல்ல முடியும்?"

சாமி ஒரு செம்புத் தண்ணீரைக் கங்கின் மேல் ஊற்றினார். அடுப்படி முழுக்கப் புகை எழுந்தது. தாண்டவமூர்த்தி சுவரோடு சாய்ந்து சரிந்து உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"ஐயோ, அவன் சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியும் சாமி. அங்க நின்ன நாப்பது பேருக்கும் தெரியும். தெரிஞ்சே சிரிச்சோம்."

சாமி எதிரில் உட்கார்ந்தார். அழுகை அடங்குகிறவரை காத்திருந்தார்.

"நாளைக்கு ஊர் கூடுது. நான் என்ன செய்ய? அவன் காலைப் பிடிக்கவா?"

"வேண்டாம்."

"பிறகு?"

"ஒன்பது வருஷமா இந்த ஊர்ல பயந்தவன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான் அண்ணாச்சி. நாளைக்கு அத்தனை பேருக்கும் முன்னால, 'நானும் பயந்தவன்தான்'னு சொல்லி ரெண்டாவது ஆளா நீங்க போய் நில்லுங்க."