பீங்கான் தட்டில் ஒரு கறை

சென்னப்பட்டணத்தில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த குருபாதம், விஷங்களைக் கண்டுபிடிக்கும் முறைகளை ஒரு நோட்டில் எழுதி வந்தான். ஊமத்தைக்கு ஒரு பக்கம், அபினிக்கு இரண்டு, பாஷாணத்துக்கு ஒன்பது. அந்தக் காலத்தில் எலிக்கென்று கேட்டால் பாஷாணம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பங்குனி மாதம் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஜாடி வந்தது. கூழ் குடித்தபின் வாந்திபேதியாகி இறந்துபோன ஒருவனின் இரைப்பை அதில் இருந்தது. கூழ் ஊற்றிய மனைவி அஞ்சலை சிறையில் இருந்தாள்.

ரசாயன ஆசிரியர் சபாபதி சோதனையைக் குருபாதத்திடம் விட்டார்.

அவன் குடுவையில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டு, கந்தகத் திராவகம் ஊற்றி, இரைப்பையிலிருந்து வடித்த நீரைச் சேர்த்தான். குழாய் முனையில் வந்த வாயுவைக் கொளுத்தி, சுடரில் பீங்கான் தட்டைக் காட்டினான். பளபளவென்று கறுப்பாகக் கறை படிந்தது.

தட்டையும் அறிக்கையையும் ஆசிரியரிடம் கொண்டுபோனான்.

"பாஷாணம்தான் ஐயா. அவள்தான் வைத்திருக்கிறாள்."

"அவள் வைத்ததைப் பார்த்தாயா?"

"கறையைப் பார்த்தேன்."

"இன்னொரு தடவை செய். இரைப்பை நீரைச் சேர்க்காதே."

"வெறும் துத்தநாகமும் திராவகமுமா? அதில் என்ன ஐயா வரும்?"

"செய்."

செய்தான். அதே கறை படிந்தது. தட்டைக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினான். மறுபடியும் படிந்தது.

"பாஷாணம் துத்தநாகத்திலேயே இருக்கிறது," என்றான்.

சபாபதி தம் அலமாரியிலிருந்து வேறு துத்தநாகம் எடுத்துக் கொடுத்தார். அதைத் தனியாகச் சோதித்தான், கறை இல்லை. இரைப்பை நீரைச் சேர்த்து, கை கடுக்கும்வரை தட்டைப் பிடித்திருந்தான். தட்டு வெள்ளையாகவே இருந்தது.

பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'அஞ்சலை நிரபராதி' என்று புதிதாக எழுதினான். ஆசிரியர் அதை அடித்துவிட்டு, 'இரைப்பையில் பாஷாணம் காணப்படவில்லை' என்று எழுதினார்.

சித்திரையில் அஞ்சலையை விடுவித்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று குருபாதம் நோட்டோடு ஆசிரியரிடம் வந்தான்.

"துத்தநாகத்தை முதலில் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று என் புத்தகங்களில் இல்லை ஐயா. நீங்கள் எதில் படித்தீர்கள்? பெயர் சொன்னால் குறித்துக்கொள்வேன்."

சபாபதி கழுவிக்கொண்டிருந்த குடுவையைக் கவிழ்த்து வைத்தார்.

"குறித்துக்கொள். பொன்னேரி மாரிமுத்து."

குருபாதம் எழுதினான்.

"எந்த ஊரில் அச்சிட்டது ஐயா?"

"அவன் புத்தகம் எழுதியவன் இல்லை. நான் காட்டிய கறைக்குத் தூக்கில் தொங்கியவன். அதற்கு நாலு மாதம் கழித்துத்தான் அந்தத் துத்தநாகத்தைத் தனியாகச் சோதித்தேன்."